டயர் மேல் உட்கார்ந்திருப்பவர்: ஒரு தேர்வுக்குழுவுக்குத் திறந்த மடல்

தேர்வுக்குழுப் பெரியவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஓவிய, சிற்பக் கண்காட்சிக்கு நான் அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் வேலையைப் பார்த்து, சரியில்லை என்று தள்ளியிருந்தீர்கள் என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வேலையை யாரும் பார்க்கவே இல்லை. விண்ணப்பத்தில் ஏழாவது கட்டம், 'கலைக்கல்வி முடித்த ஆண்டு'. அதில் ஒரு கோடு போட்டிருந்தேன். எட்டாவது கட்டம், 'கலைத்துறைக்கு வந்த ஆண்டு'. 2017 என்று எழுதியிருந்தேன். வயது என்ற இடத்தில் 51. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன் போட்டார். மரியாதையாகத்தான் பேசினார். "சார், நீங்க பொழுதுபோக்குப் பிரிவுல போட்டுருங்களேன். ரிட்டயர் ஆனவங்க, வீட்ல இருக்கிற லேடீஸ் எல்லாம் அதுலதான் போடுறாங்க."

நான் ரிட்டயர் ஆகவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள் சார்பிலும் எனக்குக் கோபம் வந்தது, அதை அவர்களே எழுதுவார்கள். நான் என் கட்டங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், முக்கியமாக அந்த எட்டாவது கட்டத்தைப் பற்றி.

என் ஊர் புளியரை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகிற ரோட்டில் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கடைசி ஊர். தாண்டினால் எஸ் வளைவு, அப்புறம் கோட்டைவாசல், அதற்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1ஆம் தேதி எல்லை மாறும்வரை எங்கள் தாத்தா தலைமுறைக்குத் திருவனந்தபுரம்தான் தலைநகரம். இப்போதும் எங்கள் வீட்டில் பாதிச் சொந்தம் மலைக்கு மேற்கே இருக்கிறது. அங்கே போனால் நாங்கள் தமிழர்கள், சென்னைக்கு வந்தால் 'கேரளாப் பக்கமா?' என்பார்கள். பழகிவிட்டது.

வணிகவரிச் சோதனைச் சாவடியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் ஏஜென்ட் ஆபீஸ் இருந்தது. அங்கே 1998 முதல் 19 வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தேன். காய்கறி, வைக்கோல், முட்டை, சிமெண்டு எல்லாம் மேற்கே போகும். ரப்பர் ஷீட்டும் மரத்தடியும் கிழக்கே வரும். டிரைவர் பில்லை நீட்டுவார், நான் சரக்கு விவரப் படிவம், அதாவது டிக்ளரேஷன், எழுதுவேன், அவர் போய் முத்திரை வாங்கிக்கொண்டு வருவார். எழுதும் நேரம் ஐந்து நிமிஷம் என்றால் காத்திருக்கும் நேரம் மூன்று மணி. சில நாள் ராத்திரி முழுக்க. வரிசையில் லாரிகள் நிற்கும். டிரைவர்கள் இறங்கி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கும் வேறு போக்கிடம் கிடையாது. தப்பாக எழுதிக் கிழித்த டிக்ளரேஷன் தாள்களின் பின்பக்கத்தில், ரீஃபில் தீரப்போகிற பால்பாயிண்ட் பேனாவால், எதிரே உட்கார்ந்திருப்பவரைக் கிறுக்கிக்கொண்டிருப்பேன். முகம் வராது. அதனால் முகத்தை விட்டுவிட்டு முதுகு, தோள், கால் என்று போடுவேன். இதைக் கலை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

ஆனால் 19 வருஷம் ஒரே மாதிரி ஆட்களை ஒரே நிலையில் பார்த்தால் சில விஷயங்கள் கண்ணில் தங்கிவிடும். லாரி டிரைவரின் வலது கை இடது கையைவிட ஒரு படி கறுப்பு. முழங்கை எப்போதும் ஜன்னலுக்கு வெளியே இருப்பதால் வருவது அது. இடது உள்ளங்கையில், விரல்கள் தொடங்கும் இடத்தில் கியர் ராடு போட்ட காய்ப்பு. லோடுமேனுக்குக் கழுத்து குறைந்து தோள் ஏறியிருக்கும். சும்மாடு இல்லாத நேரத்திலும் தலையில் ஏதோ இருக்கிற மாதிரிதான் நடப்பார். கிளீனர் பையன்கள் உட்காரவே மாட்டார்கள், எதிலாவது சாய்வார்கள்.

முக்கியமாக ஒன்று. பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கிய டிரைவர் உட்காரும்போது பின்னால் சாய்வதில்லை. முன்னால் குனிந்து முழங்கை இரண்டையும் தொடையில் ஊன்றிக்கொள்வார். இடது பாதம் தரையில் அப்படியே படிந்திருக்கும். வலது பாதம் அப்படி இருக்காது. குதிகால் மண்ணில், விரல்கள் மேலே தூக்கியபடி. ஆக்சிலேட்டர் மேல் வைத்திருந்த கால் அது. வண்டி நின்று ஒரு மணி நேரம் ஆகியிருக்கும், கால் இன்னும் நின்றிருக்காது.

2017 ஜூன் 30 ராத்திரியோடு அந்த வேலை முடிந்தது. ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது, வணிகவரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போனது. ஆர்டிஓ, போலீஸ், வனத்துறைச் சாவடிகள் இருந்தன. ஆனால் டிக்ளரேஷன் எழுத ஆள் தேவையில்லை. ஏஜென்ட் முதலாளி ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்து, மேஜையையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்கு அப்போது 43. மேஜைக்குள் மூன்று கட்டு கிழிசல் தாள் இருந்தது. வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்த என் மனைவி, "இத்தனை பேரையா வரைஞ்சு வச்சிருக்கீங்க?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஒருத்தருக்கும் மூஞ்சி இல்லையே" என்றாள். என் வேலைக்கு வந்த முதல் விமர்சனம் அது. இன்றுவரை அதைவிடச் சரியான ஒன்று வரவில்லை.

நடுவயதில் கலைக்கு வந்தவன் என்றதும் எல்லோரும் தாகூரைச் சொல்லி ஆறுதல் தருவார்கள். அறுபது தாண்டித்தான் ஓவியத்தில் இறங்கினார், 1930இல் பாரிஸில் முதல் கண்காட்சி வைத்தார் என்று. உண்மைதான். ஆனால் தாகூர் வீட்டில் அரிசி வாங்குவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். எனக்குப் பிடித்த ஆள் வேறு. ஆன்ரி ரூசோ. அவரும் பாரிஸில்தான், ஆனால் நகருக்குள் வரும் சரக்குக்கு வரி வசூலிக்கிற சாவடியில் வேலை. நம்ம ஆள்! நாற்பதை ஒட்டித்தான் மும்முரமாக வரையத் தொடங்கினார், 1893இல் 49 வயதில் வேலையை விட்டார். கிண்டலாக அவரைச் 'சுங்கக்காரர்' என்றே கூப்பிட்டார்கள். 1886 முதல் அவர் படங்கள் தொங்கிய கண்காட்சிக்கு ஒரு விசேஷம் உண்டு: தேர்வுக்குழுவே கிடையாது. இதை நான் குத்தலாகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்தல்தான்.

நம் நாட்டிலும் உண்டு. பூபேன் கக்கர் பட்டயக் கணக்காளர். படம் வரைந்துகொண்டே கணக்கு வேலையும் பார்த்தவர். கடிகாரம் ரிப்பேர் செய்கிற கடையையும் முடிவெட்டுகிற கடையையும் அதற்குள் இருக்கும் சாதாரண மனுஷர்களையும் வரைந்தார். சண்டிகர் பாறைத் தோட்டத்தைக் கட்டிய நேக் சந்த் சாலை ஆய்வாளர். நம் சென்னையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி, தந்தித் துறையில் உத்தியோகம் பார்த்துவிட்டு 25 வயதில்தான் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். உங்களில் சிலர் அவர் கட்டிய வீட்டில் வளர்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

படிப்பைப் பற்றியும் ஒன்று. ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணம் சொல்லிக்கொடுக்க அரண்மனை ஓவியர் ராமசாமி மறுத்தார். வெளிநாட்டிலிருந்து வந்த தியோடர் ஜென்சனும் கற்றுத்தரவில்லை, தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். பார்த்தே படித்தவர் அவர். எங்கள் பழைய தலைநகரத்தில் நடந்தது இது. உங்கள் ஏழாவது கட்டத்தில் அவர் என்ன எழுதியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இதெல்லாம் பெரிய பெயர்கள், அவர்களோடு என்னை நிறுத்திக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பார்ப்பதும் ஒரு படிப்பு என்பதற்காகச் சொன்னேன். பார்த்தது மட்டும் போதாது என்பதை நான் அடுத்த இரண்டு வருஷத்தில் தெரிந்துகொண்டேன்.

கோயில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரத்தில் சுதை வேலை நடக்குமே, அந்த வேலைக்கு வந்த ஒரு ஸ்தபதியிடம் கையாளாகச் சேர்ந்தேன். கூட இருந்த பையன்களுக்கெல்லாம் இருபது வயதுதான். என்னைச் சாரத்தில் ஏற்றவே யோசித்தார்கள். முதல் நாலு மாதம் சல்லடையும் தண்ணி வாளியும்தான். சுண்ணாம்பைப் புளிக்க வைப்பது, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணியை எவ்வளவு விடுவது, செங்கல்லை உள்ளே எப்படிக் கட்டினால் தூக்கிய கை பிற்காலத்தில் தொங்காது, இதெல்லாம் பட்டப்படிப்பில் எத்தனையாவது வருஷம் வரும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு 44ஆவது வயதில் வந்தது. ஸ்தபதி தாலக்கணக்கு சொல்லிக்கொடுத்தார், முகத்தின் அளவை வைத்துச் சிலையின் முழு உயரத்தை அளக்கிற கணக்கு. முகம் ஒரு தாலம், பன்னிரண்டு அங்குலம். பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். "அண்ணாச்சி, லாரி டிரைவருக்கு எத்தனை தாலம்?" என்று கேட்டேன். மட்டக்கோலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "அவன் உக்காந்துதாம்லா இருக்கான். எந்திரிச்சு நின்னாத்தானே தம்பி அளக்க முடியும்."

அந்த ஒரு வார்த்தையில்தான் நீங்கள் பார்க்காத என் சிற்பம் தொடங்கியது.

அதற்கு முன் ஓவியத்தைப் பற்றி ஒரு தோல்விக் கதை. கேன்வாஸ் விலை எனக்குக் கட்டாது. பழைய லாரித் தார்ப்பாய், பருத்தித் துணி, சும்மா கிடைத்தது. அதில் ஆளுயரத்துக்கு ஒரு லோடுமேனை வரைந்தேன். ஆனி மாதச் சாரலில் சுவரில் மாட்டியிருந்தேன், ஆடி பிறப்பதற்குள் அவருடைய தோள் முழுக்கச் செதில் செதிலாக உரிந்து விழுந்தது. தண்ணி புகாமல் இருக்கத் தார்ப்பாய்க்கு மெழுகு ஏற்றியிருப்பார்கள் என்பது 19 வருஷம் தார்ப்பாயைப் பார்த்த எனக்குத் தெரியும். அதன் மேல் பெயிண்ட் ஒட்டாது என்பது தோன்றவில்லை. இப்போது சோடா போட்டுக் கொதிக்கிற தண்ணியில் மூன்று தரம் அலசி, பிரைமர் அடித்துவிட்டுத்தான் தொடுகிறேன். அப்படியும் மடிப்பு விழுந்த இடத்தில் நிறம் நிற்பதில்லை. அந்த மடிப்பை இப்போது படத்திலேயே சேர்த்துக்கொள்கிறேன். உங்களுக்கு அனுப்பிய மூன்று படங்களிலும் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு வருமே, அது அதுதான்.

இனி சிற்பம். உண்மையான ஸ்டெப்னி டயர் ஒன்று, அதன் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆள், சிமெண்டில். உள்ளே கம்பிக் கட்டு, அதைச் சுற்றிக் கோழிவலை, அதற்கு மேல் ஒன்றுக்கு மூன்று மணல் கலவை. சிமெண்டில் அப்படியே ஏற்றிக்கொண்டு போனால் திருத்த முடியாது என்பதால் முதலில் எங்கள் குளத்துக் களிமண்ணில் முழு உருவமும் செய்து பார்த்தேன். எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியாது. கணவாய் வழியாக வருகிற காற்று, ஈரச்சாக்கு போட்டு மூடினாலும் ஒரு ராத்திரியில் உறிஞ்சிவிடும். முதுகு வெடித்தது. மறுபடியும் செய்தேன், மறுபடியும் வெடித்தது. மூன்றாவது தடவை மனைவி ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து தண்ணி தெளித்தாள். சிற்பத்தின் கீழே என் பெயர் மட்டும் இருப்பது நியாயமில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மாடலாக உட்கார்ந்தவர் தென்காசிக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், இன்னும் வண்டி ஓட்டுகிறார். ஸ்தபதி வந்து பார்த்தார். எல்லாவற்றையும் சரி என்றார், பாதத்தைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "காலு ஏன் தரையில படியல? ஆசனம் கெட்டுப்போச்சே." கலைக்கல்லூரியில் படித்த ஒரு நண்பரும் வந்தார். கணுக்கால் பிசகியிருக்கிறது, உடற்கூறு பார்க்கணும் என்றார். அடுத்த வாரம் வைக்கோல் லோடு ஏற்றிக்கொண்டு போன ஒரு டிரைவர் டீ குடிக்க இறங்கினவர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு நிமிஷம் நின்றார். "எறங்கியும் ஓட்டிக்கிட்டு இருக்கான் பாரு" என்றார்.

நான் மூன்று பேரில் யார் சொன்னது சரி என்று உங்களைக் கேட்கவில்லை. நண்பர் சொன்னதிலும் உண்மை இருக்கலாம். குதிகாலுக்கு மேல் அந்த நரம்பு எப்படி இழுபடும் என்பதில் எனக்கே இன்னும் சந்தேகம் இருக்கிறது. நான் கேட்பது, அந்தப் பாதத்தைப் பற்றி உங்களுக்குள் ஒரு சண்டை நடக்க வேண்டும் என்பதுதான். அந்தச் சண்டைக்குத் தகுதியுள்ளதா என்று பார்த்துவிட்டுத் தள்ளுங்கள். 2017 என்ற நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டுத் தள்ளாதீர்கள்.

அந்தத் தம்பி போனில் இன்னொன்றும் சொன்னார். "இப்ப யாரும் உருவம் பண்றதில்ல சார், அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்." அது குழுவின் கருத்தா, அவருடைய கருத்தா தெரியாது. எங்கள் பக்கம் சுடலைமாடன் கோயில் இல்லாத ஊர் இல்லை. கண்ணை உருட்டிக்கொண்டு இசக்கியம்மன் நிற்காத வயக்காட்டு மூலை குறைவு. அதே இசக்கி மலை ஏறி மேற்கே இறங்கினால் யட்சி. கேரளச் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969இல் மலம்புழை அணைத் தோட்டத்தில் முப்பது அடி உயரத்துக்கு உட்கார வைத்தாரே, அந்த யட்சி. அவரும் சென்னையில் பணிக்கரிடம் படித்தவர்தான். உடம்பில் துணி இல்லை என்று அந்தச் சிலைக்கு எதிர்ப்பு வந்தது, இத்தனை வருஷம் கழித்தும் பேச்சு நிற்கவில்லை. உருவம் பழைய பாணி என்றால் அரை நூற்றாண்டாக எதற்கு இத்தனை பேச்சு? குற்றாலத்துச் சித்திர சபைக்கு வந்திருப்பீர்கள். நடராஜர் மற்ற சபைகளில் உலோகமாகவும் கல்லாகவும் நிற்கிறார், இங்கே மட்டும் சுவரில் நிறமாக நிற்கிறார். எனக்கு அங்கே போகும்போதெல்லாம் தோன்றுவது, வரைந்தவர் பாதத்தில் எத்தனை நாள் செலவழித்திருப்பார் என்பதுதான். அருவ ஓவியத்தின் மேல் எனக்கு விரோதம் கிடையாது. என் கண்ணில் தங்கியிருப்பது ஆட்கள், அவ்வளவுதான்.

வயதுச் சலுகை எனக்கு வேண்டாம், இதை அழுத்திச் சொல்கிறேன். இரண்டு தடவை என்னைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது. இரண்டிலும் 'சாதிக்க வயது தடையல்ல' என்ற தலைப்பு. இரண்டிலும் நான் சிரித்துக்கொண்டு நிற்கிற படம் பெரிதாக, பின்னால் டயரின் ஒரு ஓரம். எழுதியவர்களுக்கு நல்ல மனசுதான். ஆனால் பாராட்டு முழுக்க என் பிறந்த தேதிக்குப் போய்விட்டது. நீங்கள் பொழுதுபோக்குப் பிரிவில் போடச் சொல்வதும் அதே மாதிரிதான். ஒருத்தர் உயர்த்துகிறார், ஒருத்தர் தள்ளுகிறார், இரண்டு பேரும் பார்ப்பது ஆதார் அட்டையை.

அந்தப் பொழுதுபோக்குப் பிரிவை எடுத்துவிடுங்கள். இளைஞர்களுக்கான பிரிவு இருக்கட்டும், அவர்களுக்கு அது தேவை, நான் அதில் கை வைக்கச் சொல்லவில்லை. மீதி எல்லோருக்கும் ஒரே கதவு, முதலில் வேலை, அப்புறம் விண்ணப்பம். குழு பார்த்து முடிக்கும்வரை பெயரையும் வருஷத்தையும் ஒரு கவரில் போட்டு ஒட்டி வைத்தால் போதும். பரிட்சைப் பேப்பருக்குச் செய்கிறதுதானே. எட்டாவது கட்டம் இருந்தே ஆக வேண்டும் என்றால் இருக்கட்டும். ஆனால் அடுத்த தடவை நான் அதில் 2017 என்று எழுத மாட்டேன். 1998 என்று எழுதுவேன். சான்றிதழ் கேட்டால் மூன்று கட்டு டிக்ளரேஷன் தாள் இருக்கிறது. முன்பக்கம் வைக்கோல், முட்டை, சிமெண்டு. பின்பக்கம் பாருங்கள்.

இந்த முறைக்கான கடைசித் தேதி இன்னும் முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். போட்டோவில் அந்தப் பாதம் தெரியாது, எத்தனை கோணத்தில் எடுத்தாலும் டயர் மறைக்கிறது. அதனால் சிலையையே அனுப்பி வைக்கிறேன், வாடகை என்னுடையது. டயரோடு சேர்த்து 200 கிலோவுக்குக் குறையாது, இறக்க நாலு பேர் வேண்டும். கொண்டுவருவது வேறு யாருமில்லை, மாடலாக உட்கார்ந்தவரே தான். வந்து இறங்கி உங்கள் வாசலில் எங்காவது உட்காருவார், அப்போது அவர் காலையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கும்போது மட்டும் சிலையின் இடது முழங்கையைப் பிடித்துத் தூக்க வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவிடுங்கள். அந்தக் கையில் ஒரு கம்பி குறைச்சலாகப் போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
புளியரையிலிருந்து,
உருவம் செய்கிறவன்